அலுவல் கடிதமும் எங்கள் அடுக்குமாடியும்

"உங்களுக்குக் கடிதம் எழுதத் தெரியுமா?" என்று ஒரு பல்கலைக்கழக மாணவரிடம் கேட்டால் சிரிப்பார். தமிழ்ப்பள்ளியிலேயே உறவுக் கடிதம், அலுவல் கடிதம் இரண்டையும் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் அல்லவா நாம்! இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாய் மொழியில் 'சூராட் ரஸ்மி' என்று மீண்டும் எழுதினோம். எனக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், பக்கத்து வீட்டு ஐயா ஒரு கடிதத்தோடு எங்கள் வாசலுக்கு வரும் வரை.

நான் டெங்கிலில் வளர்ந்தவன். பலருக்கு டெங்கில் என்பது விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தெரியும் ஒரு பெயர்ப்பலகை. ஆனால் புத்ராஜெயாவின் கதையில் ஒரு பகுதி எங்கள் ஊரில் இருக்கிறது. அந்த நகரம் எழுந்த நிலத்தில் முன்பு பிராங் புசார் ரப்பர் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷார் தொடங்கிய தோட்டம் அது; மலாயில் அதன் பெயருக்குப் 'பெரும்போர்' என்று பொருள். 1990-களில் நகர நிர்மாணம் தொடங்கியபோது பிராங் புசார், மெடிங்லி, கேலவே, செஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. சுவர் விரிசல்களைக் காட்டி, தரைவீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக்கள் கொடுத்தது நம் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி.

என் பாட்டி அந்த நான்கு தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் சீவியவர். "தோட்டத்தில் இருந்தப்போ யாரு சாமி லெட்டர் எழுதினா?" என்று கேட்பார். லயத்துக் கூரை ஒழுகினால் தண்டலிடம் சொல்ல வேண்டும். தண்டல் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். எழுத வேண்டியதைக் கிராணியே எழுதிவிடுவார். நல்லதோ கெட்டதோ, வாய்ப்பேச்சிலேயே காரியம் நடந்தது. அடுக்குமாடிக்கு வந்த பிறகு தண்டலும் இல்லை, கிராணியும் இல்லை. தண்ணீர்க் குழாய், மின்தூக்கி, பராமரிப்புக் கட்டணம், பேரப்பிள்ளையின் பள்ளி மாற்றம் என எல்லாவற்றுக்கும் 'சூராட் பாவா' (கடிதம் கொண்டு வாருங்கள்) என்ற ஒரே பதில்தான். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று கிராணி வேலையும் பார்க்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஐயாவின் கடிதத்துக்கு வருவோம். அவருடைய வீட்டின் கழிவறைக் கூரையிலிருந்து மேல்மாடித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரோ உதவி செய்து மலாயில் எழுதி, ஓர் அலுவலகத்தில் கொடுத்து மூன்று மாதமாகியும் பதிலில்லை. நகலை வாங்கிப் படித்தேன். இரண்டு பக்கம். தோட்டத்தை விட்டு வந்த நாள் முதல் மனைவியின் முழங்கால் வலி வரை எல்லாம் இருந்தது. கூரை ஒழுகும் செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி. தேதி இல்லை, வீட்டு எண் இல்லை, தலைப்பும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் இல்லை. படித்த எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு நாளைக்குப் பல கடிதங்களைப் பிரிக்கும் எழுத்தர் அதை எந்தக் கோப்பில் வைப்பார்?

அலுவல் கடிதத்தின் அமைப்பு இந்த ஒரு கேள்விக்காகவே உருவானது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. தலைப்பு எதற்கு? கடிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று எழுத்தர் முடிவு செய்ய. "கழிவறைக் கூரையில் நீர்க்கசிவு: புளோக் எண், வீட்டு எண்" என்று ஒரே வரியில் இருந்தால் அவர் மேலே படிக்கவே தேவையில்லை. மலாய்க் கடிதத்தில் முதல் பத்திக்கு எண் கிடையாது. இரண்டாம் பத்தி '2.' என்று தொடங்கும். பள்ளியில் இதைப் புள்ளிக்காக மனனம் செய்தோம். உண்மையில் அது பதில் எழுதுபவருக்கான வசதி. "தங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியில்" என்று அவர் சுட்டிக்காட்டலாம் அல்லவா? ஆகவே ஒரு பத்திக்கு ஒரு செய்திதான். கசிவு தொடங்கிய தேதி ஒரு பத்தியில், ஏற்பட்ட சேதம் அடுத்ததில், நமது கோரிக்கை கடைசியில். முழங்கால் வலியை விட்டுவிட வேண்டியதில்லை. "என் மனைவி வழுக்கி விழும் அபாயம் உள்ளது" என்று எழுதினால் அதுவும் கோரிக்கைக்கு வலு சேர்க்கும்.

இவ்வளவு யோசித்து எழுதிய நானும் ஒரு தவறு செய்தேன். கடைசியில் 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' என்று போட்டு ஐயாவிடம் கையொப்பம் வாங்கிவிட்டேன். ஏதோ பழைய கடிதத்தில் பார்த்த ஞாபகம்! முகப்பில் இருந்த எழுத்தர் அக்கா சிரித்துவிட்டார். "அடிக், இது எங்கள் வரி" என்றார். 'கட்டளைக்குக் கீழ்ப்படியும் நான்' என்பது அதன் பொருள்; அரசு ஊழியர்கள் மட்டுமே எழுதுவது. பிரிட்டிஷ் அதிகாரிகள் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று கையொப்பமிட்ட காலத்தின் சாயல் அதில் தெரிகிறது. 2018-இல் அரசாங்கமே அதை மாற்றி, 'பொறுப்பை நிறைவேற்றும் நான்' என்று பொருள்படும் 'சாயா யாங் மென்ஜாலாங்கான் அமானா' என்ற வரியைக் கொண்டு வந்தது. பொதுமக்கள் எழுத வேண்டியது வெறும் 'யாங் பெனார்'. ஐயாவிடம் விளக்கியபோது, "அட, வாழ்க்கை முழுக்க கட்டளைக்குக் கீழ்ப்படிஞ்சவன்தானே தம்பி, போட்டா என்ன தப்பு?" என்றார்.

மறுநாள் திருத்திய கடிதத்தை இரண்டு படிகளாகக் கொண்டு போனோம். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற சாப்பும் தேதியும் வாங்கினோம். நம் மக்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சாப்பு இல்லையென்றால் கடிதம் கொடுத்ததற்குச் சான்று இல்லை. பத்து நாளில் ஒப்புகைக் கடிதம் வந்தது. மேலே 'ருஜுக்கான் காமி' என்று ஒரு நீண்ட எண். 'எங்கள் பார்வை எண்' என்று சொல்லலாம். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை 'ருஜுக்கான் துவான்' என்று குறிப்பிட்டு எழுதினால், அது புதுக் கடிதமாகப் போகாமல் பழைய கோப்போடு சேர்ந்துவிடும்.

மலாயில்தான் எழுத வேண்டுமா என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தேசிய மொழிச் சட்டப்படி அரசாங்கக் காரியங்களுக்கு அதுவே மொழி. 2023 அக்டோபரில் பிரதமர் அன்வார் இப்ராகிம், மலாய் அல்லாத மொழியில் வரும் கடிதங்களை ஏற்க வேண்டாம் என்றே அரசாங்க இலாகாக்களுக்கு அறிவுறுத்தினார். நம் தமிழ்ப்பள்ளிப் பாடம் அதனால் வீணாகிவிடவில்லை. பெறுநர், தலைப்பு, எண்ணிட்ட பத்தி, முடிவில் 'இக்கண்' என்று ஆசிரியர் கற்பித்த அதே எலும்புக்கூடுதான் மலாயிலும் நிற்கிறது.

வேலை செய்யும் இடத்துக் கடிதங்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிப்பாங், சைபர்ஜெயா பக்கம் வேலைக்குப் போகும் எங்கள் ஊர் இளைஞர்கள் பலர் புலனத்தில் "நாளை முதல் வரமாட்டேன்" என்று அனுப்பிவிட்டு, பிறகு கடைசிச் சம்பளத்துக்கு அலைகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விலகல் அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு கால அளவு இல்லையென்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். அறிவிப்புக் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். முதலாளி நம்மை நிறுத்தினாலும் இதே கணக்குதான். காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் போனால் எவ்வளவு உருக்கமாக எழுதியும் பயனில்லை. எனவே நீக்கக் கடிதம் வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். அதில் உள்ள தேதிதான் உங்கள் முதல் ஆயுதம்.

ஐயாவின் வீட்டுக்கு இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு ஆள் வந்தார்கள். மேல்மாடிக் குழாயை மாற்றினார்கள். கசிவு நின்றது, கறை மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த ஒப்புகைக் கடிதத்தை ஐயா தம் பழைய தோட்டச் சம்பளச் சீட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, மின்தூக்கிக்கு ஒண்ணு எழுதணும். அந்தக் கீழ்ப்படியிற வரி வேண்டாம், மத்ததெல்லாம் போடு."