மோட்டாரா, எடைச் சமநிலையா?

ரிமோட்டில் பறக்கும் மின்சாரக் குட்டி விமானத்தை ஒட்டி முடித்ததும் பலரும் மோட்டாரின் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடைச் சமநிலையை. பேட்டரியைப் பொருத்தி, நேரான இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதம் தள்ளி, இருபுறமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்தால் பறப்பது மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். வால் தாழ்ந்தால்தான் ஆபத்து: காற்று மூக்கைச் சிறிது தூக்கினாலும் அது தானாக இறங்காது, தூக்கிக்கொண்டே போய், இறக்கை ஏந்துவிசையை இழந்துவிடும். எவ்வளவு பலமான மோட்டாரும் இந்தக் குறையைத் தீர்க்காது.

விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் கைரோ கருவி பார்த்துக்கொள்ளாதா என்பீர்கள். லேசான காற்றுக்கு அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் கைரோவும் வாலில் உள்ள அசையும் மடிப்பை வைத்துத்தான் மூக்கை ஏற்றி இறக்குகிறது. வேகம் குறைந்து தரையிறங்கும்போது அந்த மடிப்புக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. வால் தாழ்வதைச் சரிசெய்ய மூக்கில் ஈயத்துண்டு வைத்தால் எடை கூடுமே என்பதும் நியாயமே. அதற்கு முன் பேட்டரியை இரண்டு சென்டிமீட்டர் முன்னே நகர்த்திப் பாருங்கள். 2200 மில்லி ஆம்பியர் மணி, 3 செல் லிப்போ பேட்டரி சுமார் 180 கிராம் இருக்கும். ஃபோம் விமானத்துக்குள் வைக்கும் பொருள்களில் பெரும்பாலும் அதுதான் கனமானது.