வெள்ளி, எஃகு, கல்: சிக்கன நகையின் உண்மை மதிப்பு

நமது குடும்பங்களில் நகை என்பது அலங்காரம் மட்டும் அன்று. ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் சேமிப்பும் அதுவே. கரும்புப் பணம் கைக்கு வந்தாலும், மரவள்ளி விற்றாலும், நெசவுக் கூலி சேர்ந்தாலும், சின்னசேலம் வட்டாரத்து அங்கத்தினர் முதலில் எண்ணுவது வீட்டுப் பெண்களின் காதையும் கழுத்தையும் பற்றித்தான். ஆனால் 2025 ஏப்ரலில் 10 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை 1 லட்ச ரூபாயைத் தொட்டது. கடன் வாங்கித் தங்கம் வாங்குவதும், அதே தங்கத்தை அடகு வைத்துக் கடன் அடைப்பதும் சங்கக் கணக்குகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி. ஆகவே பலரும் இன்று வெள்ளி, எஃகு, இயற்கைக் கல் ஆகியவற்றாலான நகைகளை நாடுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. எனினும் விலை குறைந்த பொருள் எல்லாம் சிக்கனம் ஆகிவிடாது. கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பின்னர் திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று அறிந்து வாங்குவதே சிக்கனம்.

தங்க மோகத்தைச் சட்டத்தால் அடக்க அரசாங்கம் ஒருமுறை முயன்றது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடுத்தன. ஆசை குறையவில்லை, பொற்கொல்லர்கள்தாம் வேலையிழந்து வாடினர். 1966இல் அத்தடை நீங்கியது; 1968இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. சட்டம் சாதிக்காததை வாங்குவோரின் அறிவு சாதிக்கக்கூடும்.

வெள்ளி

வெள்ளி நகைக்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சின்னசேலம் வழியே ஓடும் இருப்புப் பாதை சென்று சேரும் சேலம் நகரமே கொலுசுக்குப் பெயர் பெற்றது. செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் முதலிய பகுதிகளில் வீடுகளே பட்டறைகள். ஓரிடத்தில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுக்கிறார்கள். வேறிடத்தில் வளையமும் பூவும் செய்கிறார்கள். பின்னர்ப் பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகேற்றுகிறார்கள். ஒரு ஜோடி கொலுசு பல குடும்பங்களின் கைகளைக் கடந்தே கடைக்கு வருகிறது.

சுத்த வெள்ளி மிருதுவானது. ஆகையால் செம்பு கலந்தே நகை செய்ய இயலும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ளதை உலகெங்கும் நல்ல தரம் என்பர். கொலுசு வியாபாரத்தில் இத்தரத்தை ‘டச்’ என்ற சொல்லால் குறிப்பார்கள். 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 200 கிராம் எடையுள்ள 80 டச் கொலுசில் 160 கிராம் வெள்ளி உண்டு. 60 டச் கொலுசில் 120 கிராமே உண்டு. மெருகேற்றியபின் இரண்டும் ஒரேவிதமாகப் பளபளக்கும். இரண்டாவதற்குச் சுத்த வெள்ளியின் விலையை முழு எடைக்கும் கொடுப்பவர், 80 கிராம் செம்பை வெள்ளி விலைக்கு வாங்குகிறார். பற்றவைக்கும் பொடியிலும் செம்பு, துத்தநாகம் சேர்வதால், இணைப்புகள் மிகுந்த நகையில் தரம் இன்னும் சற்றுக் குறையும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005 முதல் வெள்ளிக்கும் ஹால்மார்க் முத்திரை வழங்கி வருகிறது. 2025 செப்டம்பரில் அதனுடன் ஆறு எழுத்துகளும் எண்களும் கொண்ட தனி அடையாளம் சேர்க்கப்பட்டது. தங்கத்துக்குப் போலன்றி, வெள்ளிக்கு இம்முத்திரை வியாபாரியின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஆதலால் கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். முத்திரை இல்லாவிடில், எடை, டச், கூலி மூன்றும் தனித்தனியே எழுதிய ரசீதையாவது கேட்டுப் பெறுக.

ரசீது இன்று முன்னிலும் அவசியமாகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள், தங்கத்துடன் வெள்ளி நகைகளின் பேரிலும் கடன் வழங்குவதற்கான முறைகளை வகுத்தன. கூட்டுறவு வங்கிகளும் இவற்றில் அடங்கும். ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகை ஈடு வைக்கலாம். 2½ லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு, ஈட்டின் மதிப்பில் 85 சதவிகிதம் வரை வழங்கலாம். ஆனால் மதிப்பு என்பது நகையில் உள்ள வெள்ளிக்கு மட்டுமே. கல்லுக்கும் கூலிக்கும் மதிப்பு இல்லை. கடன் கேட்பவர் எதிரிலேயே தரம் பார்க்க வேண்டும் என்பதும் விதி. 60 டச் கொலுசின் உண்மை அன்று வெளிப்படும்.

எஃகு

கஞ்சமலை அடிவாரத்தில் 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகை நமது பக்கத்துப் பொருளாக்கிற்று. இவ்வகை எஃகில் குரோமியம் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அது மேற்பரப்பைக் காக்கிறது. வியர்வையிலும் சேற்றிலும் உழைப்பவருக்கு எஃகு வளையலும் மோதிரமும் ஏற்றவை. நிக்கல் ஒவ்வாத தோலினர் காதணி வாங்குகையில் எச்சரிக்கையாக இருத்தல் நலம். தங்க நிற முலாம் நாளடைவில் தேயும். எஃகு நகைக்குத் திரும்ப விலை இல்லை; அது அணிவதற்கு மட்டுமே.

கல்

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மணி கோத்ததையும் இரும்பு உருக்கியதையும் காட்டின. பச்சைக்கல், சூதுபவளம், நீலம், செவ்வந்திக்கல் முதலியன அங்கே கிடைத்தன. இன்று சந்தையில் இயற்கைக் கல்லுடன் சாயமேற்றிய கல்லும் கண்ணாடியும் கலந்தே வருகின்றன. கண்ணாடி கைச்சூட்டை விரைவில் ஏற்கும். கல் நெடுநேரம் குளிர்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழிகள் தென்படலாம். இவை முதற் சோதனைகளே. விலை மிகுமானால் பரிசோதனைச் சான்று கேட்பதே முறை.

தறியில் அமர்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொக்கிகளால் பிடித்த கல் மோதிரம் பாவு நூலில் சிக்கி இழை அறுக்கும். விளிம்பு மூடிக் கட்டிய கல்லே பொருந்தும். வயலில் கந்தகத்தூள் தூவுவோர் வெள்ளியைக் கழற்றி வைக்கவேண்டும். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்தல் போலியின் அடையாளம் அன்று. மெல்லத் துடைத்தால் நீங்கும்.

சுருங்கக் கூறின், சேமிப்புக்கு முத்திரையிட்ட வெள்ளி, உழைப்புக்கு எஃகு, அழகுக்குக் கல். இம்மூன்றையும் குழப்பிக்கொள்வோரே நஷ்டமடைகின்றனர். ஊரில் பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி, முத்திரையிட்ட கொலுசுதான் வேண்டும் என்று ஒரே கடையில் கேட்டால், வியாபாரி தருவார். தனித்துக் கேட்டுப் பெற இயலாததைக் கூடிக் கேட்டுப் பெறுவதற்குத்தானே நாம் சங்கம் கண்டோம்!