குழந்தையின் எடையும் உயரமும்



"எங்கள் குடும்பத்து உடல்வாகே இப்படித்தான், தகப்பனும் குட்டை, பிள்ளையும் குட்டை" என்று பெரியவர்கள் சொல்ல நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெற்றோரின் உயரம் ஓரளவு பிள்ளைக்கு வருவது மெய்யே. ஆயினும், ஏழை வீடுகளில் பிறந்த சிறு குழந்தைகள் இத்துணைப் பெருந்தொகையாய்க் குள்ளமாயிருப்பதற்குக் குலத்தின்மீது பழி போடுதல் பொருந்தாது. அதை அளந்தே பார்த்துவிட்டனர். 1997 முதல் 2003 வரை உலகச் சுகாதார நிறுவனத்தார் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்லுணவும் நல்ல சூழலும் வாய்த்த குழந்தைகளை ஆராய்ந்தனர். நம் நாட்டின் சார்பில் சேர்ந்தவை தெற்கு டில்லியின் வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள். நிறம் வேறு, மொழி வேறு, உணவு வேறு; உயரமோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்த அளவுகளைக் கொண்டே 2006-ல் வளர்ச்சி அட்டவணை வெளியாயிற்று.

அதன்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். பெண் குழந்தைக்குச் சற்றுக் குறைவு. 81-க்கும் தாழ்ந்த ஆண் குழந்தையை 'வளர்ச்சி குன்றியவன்' என்பர். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35-க்கு மேற்பட்டோர் இந்நிலையில் இருந்தனர். தமிழ்நாட்டில் 25 பேர்.

இஃது எவ்வாறு நேர்கிறது? கை கால்களின் நீண்ட எலும்புகளுடைய நுனிகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது அங்கேதான். முதல் ஆண்டில் குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 12. இவ்வளவு விரைவு பின்னர் வாராது. இந்த நாட்களிலேதான் ஏழைக் குழந்தைக்கு நீர்த்த கஞ்சி கிடைக்கிறது. சின்ன வயிறு; கஞ்சியால் நிறைந்துவிடும். பருப்போ முட்டையோ பாலோ அதில் இல்லை. இதன்மேல் அசுத்தமான நீரால் அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு முறையும் வளர்ச்சி நின்று நின்று போகிறது. குடலின் உட்சுவரும் நலிந்து, உண்டதிலும் ஒரு பங்கை ஏற்க மறுக்கிறது. தாய் கருவுற்றிருந்தபோதே நலிந்திருந்தால், குறை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இங்கே ஒரு வஞ்சனை இருக்கிறது. உயரம் குறைந்த குழந்தையின் எடையும் அதற்கு ஏற்பக் குறைந்திருக்குமாதலால், பார்ப்பவர் கண்ணுக்கு அவன் மெலிந்தவனாகத் தோன்றமாட்டான். வயதில் இளையவனாகவே தோன்றுவான். முன்வரிசையில் நிற்கும் சிறுவனுக்கு ஆறு வயது என்று எண்ணிக்கொண்டு சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், எட்டு என்றிருக்கும். பள்ளியில் நான் இருந்த ஆண்டுகளில் இது புதுமையே அன்று.

எடை என்பது தசை, எலும்பு, கொழுப்பு, நீர் எல்லாம் சேர்ந்த கூட்டுத் தொகை. எது எவ்வளவு என்று தராசு சொல்லாது. புனே நகரை அடுத்த சிற்றூர்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்ஞிக்கும் அவர்தம் குழுவினரும் உழவர் குடும்பத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடன் அளந்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டனர். ஆங்கிலேயக் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ, புனேக் குழந்தைக்கு 2.7 கிலோ. குறைவு எல்லா உறுப்பிலும் ஒரே அளவாக இருந்திருந்தால் வியப்பில்லை. தசை மிகக் குறைந்திருந்தது. தோள்பட்டை எலும்பின் கீழுள்ள கொழுப்பு மட்டும் ஏறத்தாழக் குறையாமல் இருந்தது. ஒல்லியான குழந்தைக்குள்ளே கொழுப்பு! இத்தகைய உடலமைப்பே பிற்காலத்தில் நம்மவர்க்கு நீரிழிவு எளிதில் வருவதற்கு ஒரு காரணம் என அவர்கள் கருதுகின்றனர். அச்சிற்றூர்களிலேயே, கருவுற்ற காலத்தில் கீரை, பழம், பால் ஆகியவற்றை மிகுதியாக உண்ட தாய்மாரின் குழந்தைகள் பருமனாகப் பிறந்தன என்பதையும் கண்டனர்.

ஆகையால், குன்றிய குழந்தையைத் தேற்றுவதாக எண்ணி, சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பு ரொட்டியும் ஊட்டுவதை நான் ஒப்பமாட்டேன். எடை ஏறும், பாட்டியின் மனமும் குளிரும். எலும்பையும் தசையையும் கட்டும் பொருள் அவற்றில் மிகக் குறைவு.

நம் மாநிலத்தில் 1956-ல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதனை விரிவுபடுத்தியபோது இரண்டு வயதுக் குழந்தையும் சத்துணவுக்கு வந்தது. இவற்றின் பெருமையை மறுப்பார் யார்? ஆயினும் உயரம் பெரும்பாலும் தவறிப்போவது அந்த இரண்டு வயதிற்கு முன்னரே. அக்காலத்திற்கென அங்கன்வாடியில் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் சத்துமாவு தருகிறார்கள். கைக்குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்கும் பலகையும் அங்கே உண்டு. வீட்டிற்கு வந்த மாவு உருண்டையாகி அண்ணன், அக்காள் வாய்க்கும் போய்விடுகிறதா, அந்தச் சிறு குழந்தைக்கே போய்ச் சேர்கிறதா என்பதைத் தராசாலும் பலகையாலும் காண இயலாது; வீட்டில் இருக்கும் உங்களால் இயலும்.