வீட்டில் ரெண்டு நாய்... களத்தில் ரெண்டு கணக்கு! அஜிலிட்டி போட்டிக்குப் போறீங்களா?

நாகர்கோவில் கோட்டாறு பக்கம் ஒரு வீடு. அது உங்க வீடு என்றே வைத்துக்கொள்வோம். கேட்டைத் திறந்ததும் ரெண்டு நாய்கள் ஓடி வருகின்றன. மூத்தவள் ராணி, ஏழு வயசு. வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாக வருவாள். இளையவன் குட்டன், ரெண்டு வயசு. வருகிற வேகத்தில் உங்க செருப்பு ஒன்று காணாமல் போயிருக்கும். ``லேய், இங்க வா லே!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ரெண்டும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும்.

வீட்டில் இதில் ஒரு பிரச்னையும் இல்லை. அஜிலிட்டி களத்தில் முதல் பிரச்னையே இதுதான். ஒரே குரல், ஒரே கை, ஒரே ஆள்... ஆனால், அந்தக் குரலையும் கையையும் ஒரு நாய் ஐந்து வருஷமாகப் படித்திருக்கிறது. இன்னொன்று இப்போதுதான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறது. ரெண்டையும் ஒரே நாளில், ஒரே போட்டியில் ஓட்ட வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

ரீல்ஸில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். நாய் கம்பியைத் தாண்டும், டனலுக்குள் நுழைந்து வெளியே வரும், வரிசையாக நட்ட குச்சிகளுக்கு இடையே பாம்பு மாதிரி நெளிந்து ஓடும், கூடவே ஓனர் கையை வீசிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவார். அதுதான் அஜிலிட்டி. பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1978-ல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருந்தது. கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது செய்யணுமே என்று ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற ரெண்டு பேர் குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒரு ஓட்டம் அமைத்தார்கள். இடைவேளை அயிட்டம் ஹிட் ஆகிவிட்டது! 1980-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி விளையாட்டாகவே ஏற்றுக்கொண்டது.

விதி எளிமையானது. நடுவர் போட்ட வரிசையில், குறித்த நேரத்துக்குள், தப்பில்லாமல் எல்லாத் தடைகளையும் முடிக்க வேண்டும். கயிறு கிடையாது. கையில் பிஸ்கட் கிடையாது, பந்து கிடையாது. உங்க குரலும் உடம்பும்தான் ரிமோட். சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ விதிப்படி கம்பி விழுந்தால் 5 தப்புப் புள்ளிகள். ஒரு தடைக்கு முன்னால் நாய் தயங்கி நின்றால் 5. அப்படி மூன்று முறை தயங்கினால் ஆட்டம் க்ளோஸ். வரிசை மாறிப் போய் வேறு தடையை எடுத்தாலும் க்ளோஸ்.

ரூட் ஒண்ணு... நடை ரெண்டு!

போட்டிக்கு முன்னால் ஓட்டுபவர்கள் மட்டும், நாய் இல்லாமல், களத்துக்குள் நடந்து பார்க்கச் சில நிமிஷங்கள் தருவார்கள். வெளியே இருந்து பார்த்தால் செம காமெடியாக இருக்கும். இருபது முப்பது பேர், இல்லாத நாய்க்குக் கை காட்டிக்கொண்டு, தனியாகப் பேசிக்கொண்டு நடப்பார்கள். ஆனால், பாதி போட்டி அங்கேதான் முடிவாகிறது.

ரெண்டு நாய் வைத்திருப்பவர் அங்கே ரெண்டு தடவை நடக்க வேண்டும். தடைகள் அதே தடைகள்தான், உங்க பாதைதான் வேறு. ராணியைத் தள்ளி நின்று அனுப்பலாம். `டனல்' என்றால் நீங்கள் பத்தடி தூரத்தில் இருந்தாலும் போய்விடுவாள். அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே வெட்டி அடுத்த திருப்பத்துக்குப் போய்க் காத்திருக்கலாம். குட்டனிடம் அந்தக் கணக்கு செல்லாது. டனல் வாய் வரை கூடவே போகணும். நீங்கள் பாதியில் திரும்பினால் அவனும் திரும்பி உங்க பின்னாடியே வந்துவிடுவான். அவன் கண்ணுக்கு டனலைவிட நீங்கள்தானே பெரிய விஷயம்!

பக்கம் மாறுவதிலும் இதே கதை. நாய்க்கு முன்னால் குறுக்கே போய் மாறுவது `ஃப்ரன்ட் கிராஸ்'. நாயை முன்னே விட்டு அதன் பின்னால் குறுக்கே போவது `ரியர் கிராஸ்'. பின்னாடி நீங்கள் பக்கம் மாறுவதை உணர்ந்து, நிற்காமல் சரியான பக்கம் திரும்ப நாய்க்கு நல்ல அனுபவம் வேண்டும். புது நாய் என்ன செய்யும் தெரியுமா? `ஆள் எங்கே போனார்?' என்று ஒரு சுற்றுச் சுற்றும். சில நாய்கள் உங்களைப் பார்த்துக் குரைக்கவும் செய்யும். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். `நீ சொன்னது லேட்' என்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மூத்தவள் ஈஸியா? இல்லவே இல்லை. ராணிக்கு எல்லாம் தெரியும். அதனாலேயே உங்களுக்கு முன்னால் முடிவெடுப்பாள். நடுவர்கள் அனுபவசாலி நாய்களுக்கென்றே பொறி வைப்பார்கள். ஏறி இறங்க வேண்டிய `ஏ-ஃப்ரேம்' சாய்வுக்குப் பக்கத்திலேயே டனலின் வாய் `வா வா' என்று திறந்திருக்கும். ஒரு நொடி நீங்கள் தூங்கினால் அவள் டனலுக்குள்! இன்னொன்று, அவள் காற்றில் இருக்கும்போது பதறிப்போய்ப் பெயரைக் கத்தினால் உடம்பு முறுக்கிக் கம்பியைத் தட்டிவிடுவாள். ஸ்கோர் ஷீட்டில் அது நாயின் தப்பாக எழுதப்படும். உண்மையில் அது யாருடையது என்று வீடியோவைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஜூனியரும் சீனியரும் மோதுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் நாவிஸ், ஓப்பன், எக்ஸலன்ட், மாஸ்டர் என்று படிகள் உண்டு. நாவிஸில் வளைந்து ஓடும் குச்சிகள் 6 மட்டும். மேலே போனால் 12. நாவிஸில் நூற்றுக்கு 85 எடுத்தாலே தேர்ச்சி. மாஸ்டரில் முழுசாக 100 வேண்டும். பிரிட்டனில் கிரேடு 1 முதல் 7 வரை. எஃப்.சி.ஐ-யில் ஏ1, ஏ2, ஏ3.

இதில் ஒரு நுணுக்கம். அமெரிக்காவில் நாவிஸையே ரெண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நாயும் புதுசு, ஆளும் இதுவரை எந்த நாயோடும் அஜிலிட்டி பட்டம் வாங்கியதில்லை என்றால் `ஏ'. நாய் மட்டும் புதுசு, ஆள் பழம் தின்று கொட்டை போட்டவர் என்றால் `பி'. அதாவது, ராணியோடு நீங்கள் சம்பாதித்த அனுபவமும் குட்டனின் கணக்கில் சேரும். நியாயம்தானே?

சீசாவும் ஒரு முடிவும்

இப்போது உண்மையிலேயே கஷ்டமான இடத்துக்கு வருவோம். தடைகளிலேயே புது நாயைப் பயமுறுத்துவது சீசா. பூங்காவில் குழந்தைகள் ஆடும் அதே சீசாதான், ஒரு பலகையாக இருக்கும். நாய் ஏறி, நடுவைத் தாண்டியதும் காலடியில் பலகை சாயும், தரையில் `டமால்' என்று மோதும். இறங்கும் முனையில் வேறு நிறம் அடித்த பகுதியில் பாதம் பட்ட பிறகுதான் இறங்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்துத் தோளையும் முழங்காலையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது.

ராணி இதை ஆயிரம் தடவை செய்திருப்பாள். நுனிக்கு ஓடி, பலகையோடு சேர்ந்து இறங்கி, போய்க்கொண்டே இருப்பாள். குட்டனும் வீட்டில் நன்றாகச் செய்வான். ஆனால், வீட்டுப் பலகையின் சத்தம் வேறு, களத்துப் பலகையின் சத்தம் வேறு. மரம் ஒரு மாதிரி மோதும், அலுமினியம் வேறு மாதிரி. எடை குறைந்த நாய் ஏறினால் பலகை மெதுவாகச் சாயும். அந்த ஒரு நொடிக் காத்திருப்பே சில நாய்களுக்குத் திகில். பாதி வழியில் பயந்து குதித்துவிட்டால், அந்த ஒரு தடவையை மறக்கடிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

இப்போது யோசியுங்கள். காலையில் ராணி தப்பே இல்லாமல் ஓடி முடித்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதே சூட்டில் குட்டனோடு இறங்குகிறீர்கள். ஆறு தடை பிரமாதம். ஏழாவது சீசா. ஏறப் போனவன் நிற்கிறான். காது பின்னால் போகிறது. ஒரு தயக்கம், 5 புள்ளி. மறுபடி அழைக்கிறீர்கள். ரெண்டாவது தயக்கம். கடிகாரம் ஓடுகிறது. உங்களுக்குள் ஒரு குரல், `காலையில அவ எப்படிப் போனா... இவனுக்கு என்ன கேடு?' என்கிறது.

இங்கே ரெண்டு வழி. குரலை உயர்த்தி, உடம்பால் நெருக்கி ஏற்றிவிடலாம். ஏறியும் விடுவான், புள்ளியோடு முடிக்கலாம். அல்லது சீசாவை விட்டுவிட்டு, அடுத்த தடையைச் சிரித்த முகத்தோடு காட்டிச் சந்தோஷமாக ஓடி வெளியே வரலாம். வரிசை மாறியதால் பட்டியலில் குட்டனின் பெயருக்கு நேராக `எலிமினேட்டட்' என்று விழும். ரெண்டாவது வழிதான் சரி என்பது என் கட்சி. அந்த ஒரு நாளின் புள்ளி உங்களுக்கு; சீசா மேல் வரும் பயம் அவனுக்கு. சில நாடுகளில் `எனக்கு மார்க் வேண்டாம், பயிற்சிக்காக ஓடுகிறேன்' என்று முன்பே சொல்லிவிட்டு இறங்கும் வசதியும் இருக்கிறது. புது நாய்க்கு முதல் சில களங்களை அப்படிக் கழிப்பது புத்திசாலித்தனம்.

மானம் போய்விடுமே என்று தோன்றினால் யூடியூபில் 2017 க்ரஃப்ட்ஸ் ஆலியைத் தேடுங்கள். ஆலி ஒரு ஜாக் ரஸல் டெரியர். ஆரம்பத்திலேயே தாண்டப் போய் மூக்குக் குப்புற விழுந்து, எழுந்து, அதன் பிறகு வரிசையெல்லாம் காற்றில் பறக்கவிட்டுக் களம் முழுக்கத் தன் இஷ்டத்துக்கு ஓடினான். அந்த வருஷம் ஜெயித்தது யார் என்று எத்தனை பேருக்கு ஞாபகம்? ஆலியை உலகமே பார்த்தது.

ஒரே ஆள் ரெண்டு நாய்களோடு உச்சத்துக்குப் போவதும் நடக்கிறது. நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் மாஸ்டர்ஸ் அஜிலிட்டி கோப்பையை 2023-ல் ட்ரூயன்ட் என்ற பார்டர் காலியோடு வென்றவர் சிந்தியா ஹார்னர். 2024-ல் மறுபடி அவரே. ஆனால், இந்த முறை கூட ஓடியது நிம்பிள். பார்டர் காலியும் பாப்பியானும் கலந்த குட்டியூண்டு கலப்பின நாய்! அந்தக் கோப்பையைக் கலப்பின நாய் வென்றது அதுவே முதல் தடவை. பெரிய பார்டர் காலிக்குப் போட்ட காலடியை அப்படியே நிம்பிளுக்குப் போட்டிருந்தால் நடந்திருக்காது. நம்ம தெருவில் பிறந்து வீட்டுக்குள் வந்த நாட்டு நாய்க்கும் இது நல்ல செய்திதானே.

நம்ம ஊரில் எப்படித் தொடங்குவது?

முதலில் வயசு. எஃப்.சி.ஐ போட்டிக்கு 18 மாசம் முடிந்திருக்க வேண்டும். எலும்பு முழுசாக வளரும் முன் உயரம் தாண்ட வைக்கக் கூடாது. அதுவரை கம்பியைத் தரையில் போட்டுத் தாண்டப் பழக்கலாம். பி.வி.சி பைப் போதும், தட்டினால் விழுகிற மாதிரி வையுங்கள். சீசாவுக்கு முன்னால், பழைய டயர் மேல் பலகையைப் போட்டு ஆடுகிற தரைக்குப் பழக்குங்கள். ஆட்டத்துக்கும் சத்தத்துக்கும் தனித்தனியாகப் பழகினால் பயம் பாதி குறையும். `மூத்தது செய்றதைப் பார்த்து சின்னது படிச்சுக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். தைரியம் வேண்டுமானால் கொஞ்சம் ஒட்டும், சீசா ஒட்டாது. ஒன்று பயிற்சி எடுக்கும்போது இன்னொன்று கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் கட்டிப்போட்டவன் குரைத்தே பாதி சக்தியைத் தீர்த்துவிடுவான்.

கட்டளைகளைத் தமிழிலேயே வையுங்கள். ஆனால், ஒலி நன்றாகப் பிரிந்திருக்கணும். `தாண்டு'ம் `தாவு'ம் ஒரே நாய்க்கு ஆகாது, முதல் எழுத்திலேயே குழம்பும். `ஏறு', `நுழை', `தாண்டு' ஓகே. எல்லாத்துக்கும் `லேய்' போடுவதைக் களத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள்!

சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைகள் பக்கத்தில்தானே என்று ஆசை வரும். ஓடலாம், ஈரம் இறுகிய மணலில் மட்டும். புதையும் மணலில் தாண்ட வைத்தால் தசை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரைத்து இரைத்து உடல் சூட்டை இறக்குவது நாய்க்குச் சிரமம். தோவாளைப் பூச்சந்தை கலகலப்பாக இருக்கும் அந்த அதிகாலை நேரம்தான் பயிற்சிக்கும் சரி. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லையா, அன்றைக்கு லீவு. ஈறு ரத்தச் சிவப்பாகி, எச்சில் வழிந்து, தள்ளாடினால் உடனே நிழல், உடம்புக்குத் தண்ணீர், நேராகக் கால்நடை மருத்துவர்.

வெளியூர்ப் போட்டி என்றால் பயணமும் ஒரு தடைதான். நம் நாட்டில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னை. நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து அங்கே ஒரு ராத்திரி ரயில். முதல் வகுப்பு ஏ.சி-யில் முழு கூபே அல்லது கேபின் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டுதான். தடுப்பூசிச் சான்றிதழோடு பார்சல் அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள், முக்கியமாக ரெண்டு நாய் என்பதைச் சொல்லி. ராணி தூங்கிவிடுவாள். குட்டனின் முதல் ரயில் பயணமே போட்டிக்கு முந்தின ராத்திரி என்று வைக்காதீர்கள். திருநெல்வேலி வரை ஒருமுறை சும்மா போய்வாருங்கள்.

கடைசியாக, ராணி. குட்டன் தேறிவரும் அதே ரெண்டு மூன்று வருஷத்தில் அவளுக்கு வயசாகும். கம்பி அடிக்கடி விழும், இறங்கும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் `ப்ரிஃபர்டு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்பி 4 அங்குலம் இறங்கும், நேரமும் கொஞ்சம் கூடும். வயசான நாய்கள் பல அதில் ஓடுகின்றன. நம்ம வீட்டு முற்றத்தில் அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். குட்டனின் பயிற்சி முடிந்ததும் கம்பியைத் தரையோடு இறக்கி, அவளுக்கு ஒரு ரவுண்டு விடுங்கள். அவள் கேட் பக்கத்தில் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருப்பாள்.