வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

சிவகாசி, சாத்தூர் பக்கம் மூடிக் கிடந்த பட்டாசு ஆலை நிலம் மனையா விலைக்கு வருதா? ரேட் கம்மின்னு ஹோம் லோனுக்கு ஓடாதீங்க.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பேங்க் வக்கீல் டைட்டில் பார்ப்பார், மதிப்பீட்டாளர் சந்தை விலை போடுவார். மண்ணுல பேரியம் இருக்கான்னு ரெண்டு பேரும் பார்க்க மாட்டாங்க. பட்டாசுக்குப் பச்சை நிறம் தர்ற உப்பு அது. உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் தடை போட்டது. அதுக்கு முன்னாடி ஓடின ஆலைன்னா கட்டாயம் விசாரிக்கணும்.

"அரசு சுத்தம் பண்ணித் தராதா?" மாசடைந்த இடங்களுக்குன்னே மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் கொண்டு வந்திருக்கு. மாசுபடுத்தினவர் செலவை ஏற்கணும். அவரைக் கண்டுபிடிக்க முடியலைன்னா அரசு ஏற்கும். ஆனா முதல்ல ஆய்வு நடந்து, அது மாசடைந்த இடம்னு அறிவிக்கப்படணும். கொடைக்கானல் பாதரச தெர்மாமீட்டர் ஆலை மூடினது 2001-ல். அங்க மண்ணை முழுசா சுத்தம் செய்யும் வேலை தொடங்கவே 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க இஎம்ஐ அவ்வளவு நாள் காத்திருக்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி, கழிவை எங்க கொட்டினாங்க, எங்க எரிச்சாங்கன்னு ஊர்ல கேளுங்க. மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் லேப்ல கொடுத்து, பேரியம் பாருங்கன்னு தனியா சொல்லுங்க. வழக்கமான தண்ணி டெஸ்ட்ல அது வராது. மண் எடுக்க விற்கிறவர் சம்மதிக்கலையா? வேற மனை பாருங்க.