32 டொலர் சுறாவும் 3,300 டொலர் சுறாவும்

மாலைதீவுக்கும் எங்கள் கடைக்குமான தொடர்பு வாப்பாவின் காலத்தது. புறக்கோட்டையில் மாசி மொத்த வியாபாரம் செய்தவர் அவர். 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தபோது மாலைதீவார் எப்படித் தவித்தார்கள் என்பதை அடிக்கடி சொல்வார். அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய சந்தை நாம்தான். அந்த நாட்களில்தான், 1972இல், அங்கே முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது.

நான் கடைக்கு வந்தது 1988இல். மாசிச் சாக்குகளுடன் வேறு சில சாக்குகளும் வரும். உள்ளே காய்ந்த சுறாச் செட்டை. அவற்றைப் பெரியது, சிறியது என்று பிரித்துக் கட்டுவது என் வேலை. கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் ஒருவர் வந்து எடுத்துப் போவார். மாசியை வாங்குகிறவர்கள் கடன் சொல்வார்கள். செட்டைக்கு மட்டும் காசு கையில் வரும். அதனால் எங்களுக்கு அந்தச் சரக்கில் பெரிய பிரியம். அது கடலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடையில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

2010இல் மாலைதீவு அரசாங்கம் சுறா பிடிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. அதற்கு முன்பே, 1998இல், உல்லாசப் பிரயாணிகள் அதிகம் வரும் ஏழு பவளத்தீவுக் கூட்டங்களில் தடை வந்திருந்தது. வாப்பா அப்போது கோபப்பட்டார். வெள்ளைக்காரன் நீந்துவதற்காக ஏழை மீனவனின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டு மீன்பிடி அமைச்சுக்காகச் செய்த ஆய்வின் கணக்கு என் கண்ணில் பட்டது. ஒரு சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறாவைப் பிடித்து விற்றால் மீனவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 32 அமெரிக்க டொலர், அதுவும் ஒரு தடவைதான். அதே சுறா சுழியோடிகள் போகும் இடத்தில் உயிரோடு சுற்றினால், அதைப் பார்க்க வருகிறவர்கள் மூலம் சராசரியாக வருடம் 3,300 டொலர் வருமானம். ஆரி அட்டோலில் பிரபலமான ஓர் இடத்தில் இந்தத் தொகை 33,500 டொலர். நான் எத்தனை சாக்குகள் கட்டினேன் என்று அன்றிரவு மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

2023 ஓகஸ்டில் இதை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மாலேயில் எனக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகனுக்குச் சபாரிப் படகொன்றில் பங்கு உண்டு. ஏழு இரவுகள், பன்னிரண்டு பயணிகள். எனக்குக் கட்டணத்தில் சலுகை தந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. சபாரிப் படகு என்றால் மிதக்கும் விடுதி. அதன் பின்னால் சிறிய தோணி ஒன்று வரும். பெரிய படகைப் பவளத்தின் மேலல்லாமல் மணல் தரையில் நங்கூரமிட்டு, ஆட்களைத் தோணியில் ஏற்றிப் போவார்கள்.

பன்னிரண்டு பேரை வைத்து எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. அந்தப் படகில் இருபது பேரைத் தாராளமாக ஏற்றலாம். வாடிக்கையாளரின் மகன் சிரித்தார். “மாமா, இருபது பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் குதித்தால் மீன் போய்விடும். மீன் போனால் அடுத்த வருடம் பன்னிரண்டு பேரும் வரமாட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பு வந்தவர்கள் சொல்லி வருகிறவர்கள்” என்றார். விளம்பரச் செலவு குறைவு. கூட்டம் குறைவு என்பதால் கட்டணம் கூட. அரசாங்கம் தன் பங்குக்குப் பசுமை வரி எடுக்கிறது. நான் போனபோது தலைக்கு இரவொன்றுக்கு 6 டொலர். பன்னிரண்டு பேர், ஏழு இரவு என்றால் 504 டொலர். 2025 ஜனவரி முதல் அது 12 டொலர்.

மாலேயிலிருந்து வடமேற்கே 120 கிலோமீற்றர் அளவில் பா அட்டோல் இருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்கே ஆளில்லாத சின்னத் தீவொன்றின் பக்கத்தில் ஹனிஃபாரு குடா. மொத்தத்தில் ஒரு விளையாட்டு மைதானம் அளவுதான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் நவம்பர் வரை, நீரோட்டமும் கடல் ஏற்றமும் சேர்ந்து சிற்றுயிர்களை அந்தக் குடாவுக்குள் தள்ளி அடைத்துவிடும். அவற்றைத் தின்னக் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வரும். மாந்தா என்பது இதைத்தான். சிறகை விரித்தால் மூன்று மீற்றருக்கு மேல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ள புள்ளிகள் நம் கைரேகை மாதிரி வேறு வேறு. அதை வைத்துப் படமெடுத்து, மாலைதீவுக் கடலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திருக்கைகளை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பேறுக்கு ஒரு குட்டிதான் போடும். கோழிப்பண்ணை மாதிரி பெருக்க முடியாத சரக்கு.

குடாவுக்குள் ஒரே நேரத்தில் ஐந்து படகுகள், எண்பது பேர், 45 நிமிடம். இதுதான் சட்டம். காற்றுச் சிலிண்டருடன் சுழியோடுவது 2012 முதல் தடை. மூச்சுக்குழாயுடன் மேலே மிதந்து பார்க்கலாம். தொடக்கூடாது, துரத்தக்கூடாது. நுழைவுக் கட்டணம் அந்த அட்டோலின் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. காவலர்களின் செலவு அதிலிருந்து.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஐந்து படகுகள் இருந்தன. எங்கள் தோணியை வெளியே நிறுத்திவிட்டார்கள். முதல் அரைமணி நேரம் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். ஒரு மணி நேரமானபோது முணுமுணுப்புக் கிளம்பியது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வந்த ஒருவர் வழிகாட்டியிடம் குரலை உயர்த்தினார். நம் ஊரென்றால் யாராவது ஒருவர் காவலரின் கையில் எதையாவது வைத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் முறை வருவதற்குள் நீரோட்டம் மாறி, திருக்கைகள் வெளியேறிவிட்டன. அன்று ஒன்றையும் பார்க்கவில்லை. படகுக்காரர் மறுநாள் அங்கேயே தங்க முடிவெடுத்தார். அதற்காக வேறொரு தீவுப் பயணத்தை வெட்டினார். டீசல் கணக்கில் அவருக்கு நட்டமில்லை; ஆனால் சொன்னபடி எல்லா இடமும் காட்டவில்லை என்று இரண்டு பேர் குறைப்பட்டார்கள்.

மறுநாள் காலை இறங்கினோம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள். எனக்கு நீச்சல் மறந்துபோன வயது. மிதவை அங்கியோடுதான் கிடந்தேன். வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. நான் எண்ணியது பதினேழு. முப்பதுக்கு மேல் என்றார் வழிகாட்டி. ஒன்று எனக்கு நேர் கீழே வந்து, உரசாமல் வளைந்து போயிற்று. இரைச்சல் கிடையாது, அவசரம் கிடையாது. 45 நிமிடம் முடிந்ததும் ஏறச் சொன்னார்கள். நேற்றுக் குரலை உயர்த்தியவர்தான் கடைசியாக ஏறினார். அடுத்த வருடம் மனைவி பிள்ளைகளோடு வருவதற்கு எந்த மாதம் நல்லது என்று அன்றிரவே விசாரித்தார்.

இதற்கு நேர்மாறானதையும் அதே பயணத்தில் கண்டேன். தெற்கு ஆரியில் திமிங்கிலச் சுறா வருடம் முழுவதும் வரும். அந்த இடமும் ஹனிஃபாருவைப் போலவே 2009 ஜூனில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் அது நீண்ட திறந்த கரை. ஹனிஃபாருவைப் போல வாசல் கிடையாது. உடலிலிருந்து மூன்று மீற்றர், வாலிலிருந்து நான்கு மீற்றர் விலகியிருக்க வேண்டும் என்று வழிகாட்டி படித்துப் படித்துச் சொன்னார். அன்று அதை நினைவில் வைத்தவர்கள் குறைவு. ஒரு மீன் தலைகாட்டியதும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படகுகள் வந்தன. நான் பதினொன்று எண்ணினேன். தண்ணீருக்குள் மீனைவிடக் கால்கள்தான் அதிகம் தெரிந்தன. அதன் முதுகுச் செட்டையில் பழைய வெட்டுக்காயம் ஒன்று. படகின் விசிறி வெட்டியது என்றார்கள். இரண்டு நிமிடத்தில் அது ஆழத்துக்குப் போய்விட்டது. எங்கள் படகுக்காரர் எங்களை இறக்கவே இல்லை. அன்று யாரும் முணுமுணுக்கவில்லை.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சுறாவினால் வரும் காசு பெரும்பாலும் விடுதிக்காரருக்கும் படகுக்காரருக்கும் போகிறது. தூண்டிலில் மாட்டிய மீனைச் சுறா கடித்துக்கொண்டு போகும் நட்டம் மீனவனுக்கு. அந்தக் குறை இன்றும் இருக்கிறது. 2021இல் சுறா பிடிப்பை மீண்டும் அனுமதிப்பது பற்றிப் பேச்சு எழுந்து, பலத்த எதிர்ப்பு வந்து, தடை நீடித்தது. பா அட்டோலில் நிலைமை கொஞ்சம் வேறு. மக்கள் வசிக்கும் தீவுகளில் தங்குமிடங்கள் நடத்த அனுமதி கிடைத்த பின், ஹனிஃபாருவுக்குப் பக்கத்திலுள்ள தரவந்தூ தீவிலிருந்து ஊர்க்காரர்களே திருக்கை காட்ட ஆட்களை அழைத்துப் போகிறார்கள். திருக்கையைப் பற்றி அங்கே கடைக்காரர் பேசுவதைக் கேட்டால், தன் தோட்டத்துத் தென்னையைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. என் மருமகன் கற்பிட்டியில் டொல்பின் காட்டும் படகுத் தொழில் தொடங்கப் போகிறார். பாதி முதல் என்னுடையது. படகு கட்டுபவரிடமிருந்து இரண்டு விலை மதிப்பீடுகள் வாங்கி வந்திருக்கிறார். ஒன்று முப்பது பேருக்கு, மற்றது பன்னிரண்டு பேருக்கு. பெரியதுதான் வேண்டும் என்கிறார். “மாமா, நீங்கள் சொல்வது டொலர் காசோடு வருகிறவர்களுக்குச் சரி. எங்களுக்கு வருவது குருநாகலிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள். தலைக்கு இரண்டு மடங்கு கேட்டால் பக்கத்துப் படகில் ஏறிவிடுவார்கள்” என்பது அவருடைய வாதம். அது பொய்யில்லை. பா அட்டோலில் படகுக்காரர் கட்டுப்பாடாக இருப்பதற்கு, பக்கத்துப் படகுக்காரரையும் காவலர் நிறுத்துவார் என்ற நம்பிக்கை ஒரு காரணம். நான் மட்டும் பன்னிரண்டு பேரோடு தூரத்தில் நிற்க, மற்றவர்கள் டொல்பின் கூட்டத்தைச் சுற்றி வளைத்தால் என் முதல் என்னாகும்?

கற்பிட்டியில் ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு இத்தனை படகு, இத்தனை நிமிடம் என்று அவர்களுக்குள்ளாவது எழுத்தில் ஓர் உடன்பாடு வந்தால் சிறிய படகுக்கு மறுநாளே முற்பணம் கட்டுவேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆறு பேர் சந்திக்கிறார்கள். நானும் போகிறேன். விலை மதிப்பீடுகள் இரண்டும் இன்னும் என் மேசை லாச்சியில்தான் கிடக்கின்றன.