படத்தின் பின்புறம்

வீடு மாற்றும் நாளில்தான் ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் வெளிப்படுகிறது. பரணிலிருந்து இறங்கும் பித்தளை அண்டாவுக்கும் பழைய பாத்திரங்களுக்கும் இடையே, வேட்டித் துணியில் சுற்றிய தகரப் பெட்டி ஒன்றும் இறங்கும். அதனுள் புகைப்படங்கள் இருக்கும். சென்ற தை மாதத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்பிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சாமான்கள் வண்டியேறக் காத்திருக்க, நாங்களோ தரையில் வட்டமாக அமர்ந்து அப்பெட்டியைத் திறந்துவிட்டோம். வண்டிக்காரர் இருமுறை ஒலி எழுப்பிய பின்னரே எங்களுக்கு நினைவு திரும்பிற்று.

அயலூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் படப்பெட்டிகள் பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. முதற் சம்பளம் வாங்கிய இளைஞர், ஸ்டுடியோக்காரரிடமே கோட்டு இரவல் வாங்கி அணிந்து, திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டின் முன் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கும். ஊரில் அதைப் பெற்ற தாய், கோட்டைப் பாராமல் கன்னத்தைப் பார்த்து, "பிள்ளை இளைத்துவிட்டான்" என்று கண் கலங்கியிருப்பாள். பெண் பார்ப்பதற்காக அனுப்பிய படம் ஒன்று, குழந்தையின் ஆண்டு நிறைவுப் படம் ஒன்று, கலியாணக் கூட்டத்தின் படம் ஒன்று எனப் பெட்டி நிறையும். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சி ஒதுங்கிய பாட்டிமாரும் பலர். அவர்கள் மறைந்த பிறகு, கலியாணப் படத்தின் மூலையில் தற்செயலாக அகப்பட்ட முகத்தைத் தனியே பிரித்துப் பெரிதாக்கி மாலையிட்டு வணங்குகிறோம். ஆயுளைக் குறைக்கும் என்று அவர்கள் அஞ்சிய படமே அவர்களுக்கு எஞ்சிய ஆயுளாகிவிட்டது.

எங்கள் பெட்டியின் அடியில் கெட்டி அட்டையில் ஒட்டிய கூட்டப்படம் ஒன்று கிடந்தது. நாக்பூருக்கு வடக்கே உள்ள ஒரு சந்திப்பு நிலையத்தின் சரக்கு அலுவலகத்தில், மேலதிகாரி ஒருவருக்கு 1961-இல் நடந்த பிரிவுபசாரத்தின்போது எடுத்தது. ரயில்வேயில் பணியாற்றிய எக்குடும்பமும் இத்தகைய படத்தை அறியும். நடுநாற்காலியில் மாலையணிந்த அதிகாரி, இருபுறமும் அவருக்கு அடுத்த நிலையினர், பின்வரிசையில் குமாஸ்தாக்கள், முன்னால் விரித்த சமுக்காளத்தின்மேல் கடைநிலை ஊழியர்கள் என்று பதவி வரிசையே படத்தின் வரிசையாக இருக்கும். எங்கள் பாட்டனார் பின்வரிசையில் இடமிருந்து நான்காமவராக நிற்கிறார்.

அட்டையின் கீழே பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. நாற்காலியில் இருப்போர் பெயர்கள் பட்டங்களுடன் உள்ளன. நிற்போர் பெயர்கள் முதலெழுத்துகளுடன் உள்ளன. தரையில் இருப்போருக்கோ பெயர் இல்லை. 'தரையில்: நான்காம் வகுப்பு ஊழியர்கள்' என்ற ஒரே வரியோடு எழுவரும் முடிந்துவிட்டனர்.

அந்த எழுவருள் இடமிருந்து மூன்றாமவர்தான் எங்கள் குடும்பத்தை வடநாட்டில் வேரூன்றச் செய்தவர்.

பாட்டனார் 1958-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி அந்நிலையத்தில் வந்திறங்கினார். இந்தியில் ஒரு சொல்லும் அறியார். குளிருக்குப் போர்வையும் இல்லை. நடைமேடையில் திகைத்து நின்றவரைத் தமிழில் அழைத்துத் தம் ஒற்றை அறைக்கு இட்டுச் சென்றவர், அங்குக் கலாசியாக இருந்த அந்த மனிதர். சரக்குப் பெட்டிகளின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்களைக் காட்டி இந்தி எண்களைக் கற்பித்தார். எந்தச் சீட்டு எங்கே செல்ல வேண்டும், எவரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பனவற்றை எல்லாம் சொல்லித் தந்தார். பதவியில் பாட்டனார் மேல், அவர் கீழ். ஆயினும் வேலையில் அவரே ஆசான். 1960-இல் பாட்டி கைக்குழந்தையுடன் வந்தபோது, சோறு வடித்து வைத்துக் காத்திருந்ததும் அவர் வீடுதான். எப்போதும் கையில் பித்தளைக் கூஜாவுடன் வருவாராம். ஆகவே எங்கள் தந்தையாருக்கும் அத்தைக்கும் அவர் 'கூஜா மாமா'. எங்களுக்குக் கதைகளில் அவர் 'கூஜா தாத்தா'.

"அவர் இல்லாவிட்டால் உங்கள் தாத்தா அடுத்த வண்டியிலேயே ஊருக்குத் திரும்பியிருப்பார்" என்று பாட்டி பலமுறை கூறியதுண்டு. அவருடைய பெயரைப் பாட்டி அறிவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் படங்களை எடுத்து வைத்து எல்லோர் பெயரையும் கேட்டு எழுத வேண்டும் என்று நாங்களும் பேசிக்கொள்வோம். பொங்கல் கழியும், விடுமுறை முடியும், பெட்டி பரணுக்குத் திரும்பும். 2021-இல் பாட்டி காலமானார். அவரோடு அந்தப் பெயரும் போய்விட்டது.

சென்ற தை மாதத்தில் எத்தனையோ முயன்றோம். தந்தையாருக்குக் கூஜாவின் பளபளப்பு நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. ஊரிலுள்ள அத்தைக்குக் கைப்பேசியில் படத்தைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாமாதான். ஆரணிப் பக்கம் என்பார்கள். அந்த மாமிக்குக் காதில் பச்சைக்கல் தோடு" என்றார். அதற்கு மேல் அவராலும் கூற இயலவில்லை. நன்றி செலுத்தப்பட வேண்டியவர் கண்ணெதிரே அமர்ந்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லி அழைக்க எங்களுக்கு வழியில்லை.

பெயரைக் காப்பதில் எத்துணைப் பெருமை உண்டு என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையருக்குக் கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியர் பதவி கிடைக்கக் காரணமாக இருந்தவர் தியாகராச செட்டியார். ஐயர் பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்துக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. அந்த நன்றியின் பெயர் மட்டும் இன்றும் இடிபடாமல் நிற்கிறது. தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்த பிறகு, ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1933-இல் அவருடைய சரித்திரத்தின் முதற்பாகத்தையும் மறு ஆண்டில் இரண்டாம் பாகத்தையும் ஐயர் வெளியிட்டார். ஆசிரியரின் பழக்கங்கள், பாடம் சொல்லும் முறை, உடன் பயின்றோர், ஆதரித்தோர் எல்லாம் அதில் பெயரோடு இடம்பெற்றன. புகைப்படக் கருவி செய்ய முடியாததை ஒரு மாணாக்கரின் நினைவு செய்தது.

மகாகவி பாரதியாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ரா. அ. பத்மநாபன் தேடித் திரட்டி 1957-இல் 'சித்திரபாரதி' என்னும் நூலாக்கியதால், படங்களும் அவற்றின் வரலாறும் நமக்கு ஒருங்கே கிடைத்தன. கேட்டு எழுதுவதற்கு ஒருவர் முன்வந்தால் படம் பிழைக்கும். இல்லையேல் அது வெறும் காகிதம்.

இன்று படம் எடுப்பது மிக எளிது. ஒரு காதணி விழாவிலேயே ஐந்நூறு படங்கள் கைப்பேசியில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அவற்றுள் எதற்கும் பின்புறம் இல்லை. அன்று பெயர் எழுதப் பின்புறம் இருந்தது, நாம் எழுதவில்லை. இன்று எழுத இடம் தேட வேண்டியிருக்கிறது, நாம் தேடவில்லை. குறை கருவியுடையதன்று, நம்முடையதே.

ஆதலின் நாங்கள் பட்டறிந்து கொண்ட சிலவற்றை அன்பர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

பெயரை மென்மையான பென்சிலால், படத்தின் பின்புறத்தில், ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்புறம் தெரியக்கூடும். பந்துமுனைப் பேனா அழுந்தி முகத்தில் வடு உண்டாக்கும். படத்தை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை நாளடைவில் கறையாகும். ஒட்டும் பசையும் மேல்தாளும் உடைய ஆல்பங்களில் நெடுங்காலம் வைத்தால் பசை மஞ்சளித்துப் படத்தைக் கெடுக்கும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயல்வது தவறு. முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே பிரதி எடுத்துக்கொள்வதே நன்று. ஈரச்சுவரும் இராமபாணப் பூச்சியும் படங்களுக்குப் பகை. 1970, 1980-களில் எடுத்த வண்ணப் படங்களின் சாயம் மங்கிச் சிவந்து வருகிறது. கறுப்பு வெள்ளைப் படங்களோ வெள்ளியால் ஆனவையாதலின் பெரும்பாலும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. எனவே வண்ணப் படங்களையே முதலில் பிரதி எடுப்பது தக்கது. நிழலான பகல் வெளிச்சத்தில், பளிச்சிடும் விளக்கில்லாமல், முன்புறம் பின்புறம் இரண்டையும் எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது, வீட்டு முதியோரின் அருகில் அமர்தல். "இவர் யார்?" என்று மட்டும் கேட்டால் பெயர் மட்டுமே வரும், சில வேளை அதுவும் வாராது. "இந்தப் படம் எடுத்த அன்று என்ன சமைத்தீர்கள்? படத்தில் இல்லாதவர் யார்? இந்தப் புடைவை யாருடையது?" என்று கேட்டால் நினைவு தானே திறந்துகொள்ளும். நடுநாற்காலியிலிருந்து தொடங்க வேண்டாம். அவர் பெயர் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. ஓரத்தில் நிற்பவர், தரையில் இருப்பவர், பாதி முகம் மட்டும் தெரிபவர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பழம்படங்களுக்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு படத்தையும் ஒரு முதியவரையும் அழைத்து வரட்டும். இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். பேச்சாளரோ மேடையோ தேவையில்லை. ஒரு பாயும் சில பென்சில்களும் போதும்.

எங்கள் கூட்டப்படத்தின் பின்புறத்தில் இப்போது இவ்வாறு எழுதியுள்ளோம்: 'தரையில், இடமிருந்து மூன்றாமவர். ஆரணிப் பக்கத்தவர். பித்தளைக் கூஜா. தாத்தாவுக்கு வேலை கற்பித்தவர். பாட்டிக்கு முதல் நாள் சோறு போட்ட வீடு இவருடையது. பெயரைக் கேட்கத் தவறினோம்.'

கடைசி வரியை எழுதத் தயங்கினோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் உண்மையை அறிய வேண்டும் என்று எழுதினோம். அப்படத்தின் பிரதியைப் பலரும் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். இவ்விதழைப் படிக்கும் வீடுகளுள் ஏதேனும் ஒன்றின் பெட்டியடியில் அது இருக்கவும் கூடும். அவ்வீட்டில் விவரம் அறிந்த முதியவர் ஒருவர் இருக்கவும் கூடும். அவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுவாரானால், எங்கள் பென்சில் காத்திருக்கிறது.